நெய் விற்கும் நாட்டில் மின்னுந்து



நிலத்தடி நெய்யை விற்றுச் செல்வம் குவித்த நாடொன்று, தன் சொந்தச் சாலைகளினின்று அந்நெய்யை அகற்றத் துணிந்தது. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வேயே அந்நாடு. அங்கு வாழ்வார் ஏறத்தாழ 55 இலக்கம் மக்களே. 2024-ஆம் ஆண்டில் அங்கு விற்பனையான புதிய மகிழுந்துகளுள் நூற்றுக்கு எண்பத்தொன்பது முற்றிலும் மின்னால் இயங்குவன. அவ்வாண்டு செப்டம்பரில், பதிவுபெற்ற மின்மகிழுந்துகளின் தொகை, பெட்ரோல் எனப்படும் கன்னெய் மகிழுந்துகளின் தொகையை முந்திற்று.

இஃது ஓரிரவில் விளைந்த விந்தையன்று. 1989-இல் ‘அ-ஃகா’ என்னும் இசைக்குழுவினர் இருவரும் ‘பெல்லோனா’ என்னும் சுற்றுச்சூழல் அமைப்பினரும், மின்னால் ஓடுமாறு மாற்றிய சிற்றுந்து ஒன்றை வெளிநாட்டினின்று கொணர்ந்தனர். புகை கக்காத வண்டிக்குச் சுங்கம் எதற்கு என வினவிச் சாவடிகளிற் பணங்கட்ட மறுத்தனர். தண்டம் விதிக்கப்பட்டது, அதையும் கட்டிலர். அரசு வண்டியைக் கைப்பற்றி ஏலமிட்டது. அவர்களே அதனை மீட்டும் எடுத்து ஓட்டினர். அன்று நகைப்புக்கு இடமான அவ்வினா பின்னர்ச் சட்டமாயிற்று.

1990-இல் மின்னுந்துக்குக் கொள்முதல் வரி விலக்கப்பட்டது. 1997-இல் சாலைச் சுங்கம் நீங்கியது. 2001-இல் மதிப்புக் கூட்டு வரியும் நீங்கியது. 2005 முதல் பேருந்துத் தடத்திற் செல்லவும் இசைவு கிடைத்தது. மறுபுறம், புகை கக்கும் உந்துகளின்மீது வரிச்சுமை ஏற்றப்பட்டது. 2025-க்குள் விற்பனையாகும் புதிய மகிழுந்துகள் யாவும் புகையற்றனவாதல் வேண்டும் என்னும் இலக்கினை நாடாளுமன்றம் 2017-இல் வகுத்தது. கன்னெய் வண்டியை வாங்காதே என எவரையும் அரசு தடுக்கவில்லை. வாங்கினால் அதன் விலையை நீயே தாங்கு என்றது. தடையாணையினும் வரி வலிதாயிற்று.

ஆட்சிகள் மாறின, இடச்சாரியும் வலச்சாரியும் மாறி மாறி அரசுகட்டில் ஏறினர். ஆயினும் கொள்கையின் திசை மாறவில்லை. வெற்றியின் வேர் அதுவே. நாளைக்கும் இச்சலுகை நிற்கும் என நம்பியே மக்கள் உந்து வாங்கினர். வணிகர் மின்னேற்று நிலையங்கள் அமைத்தனர். மின்னுந்து பெருகிய பின்னரே சலுகைகள் படிப்படியாகச் சுருக்கப்பட்டன. 2023-இல் 5 இலக்கம் குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி திரும்பவும் வந்தது. ஊன்றுகோலை எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது எடுப்பது என்பதை அறிதலும் ஆட்சித்திறனே.

அந்நாட்டு மின்னாற்றலிற் பெரும்பகுதி அருவிநீரிற் பிறப்பதாகும். நிலக்கரியை எரித்து மின்னாக்கி அதனை உந்துக்கு ஊட்டினால், புகை சாலையை விட்டு ஆலைக்குக் குடிபெயருமேயன்றி அறவே ஒழியாது. அக்குறை நார்வேக்கு இல்லை.

எனினும் நிறையை மட்டும் பேசுதல் நடுவுநிலை ஆகாது. முதற் குறை ஒன்றுண்டு. நெடுங்காலம் வரிவிலக்கின் பயனை மிகுதியாக நுகர்ந்தோர் புதிய உந்து வாங்க வல்ல செல்வரே. இரண்டாவது, உந்துகளை ஆக்கும் பெருந்தொழில் அங்கு வேரூன்றவில்லை. ‘திங்க்’ என்னும் பெயரில் அந்நாட்டார் தாமே ஆக்கிய சிறு மின்னுந்து நிறுவனம் 2011-இல் நொடித்தது. இன்று அவர்தம் சாலைகளில் ஓடுவன பிறநாட்டார் ஆக்கியவை. வாங்குவோனாக மட்டும் இருப்பவன், விற்போனின் விலைக்கும் விருப்புக்கும் கட்டுப்பட்டவனே.

மூன்றாவது குறையே பெரிது. தன் தெருவிற் புகையை ஒழித்த அந்நாடு, வடகடலின் நெய்யையும் வளியையும் இன்றளவும் உலகிற்கு விற்கின்றது. மின்னுந்து வரிவிலக்குத் தொடங்கிய அதே 1990-இல்தான், நெய்வருவாயைச் சேமிக்கும் நிதியத்திற்கும் அங்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கை விளக்கேற்ற, மறுகை புகையை அயலான் வீட்டுக்கு அனுப்புகின்றது. அயலான் அடுப்பின் புகையும் ஒரே வானத்திற்கே ஏறும் அன்றோ?

ஆகவே, உறுதியை நார்வேயிடம் கற்க. அதன் முரணையும் உடன் காண்க. முப்பதாண்டு தளராத கொள்கை ஒரு நாட்டின் சாலைகளையே மாற்றியது. அவ்வுறுதி கடலடி நெய்க்கிணறுகள் வரை செல்லும் நாளிலேதான் அப்பணி முழுமை பெறும்.