உடலும் ஊர்ப்பேச்சும்



பெங்களூரின் தென்கிழக்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. முன்னர்த் தனி நகராட்சியாக விளங்கி, 2007-ஆம் ஆண்டில் பெருநகரோடு இணைந்த அப்பகுதியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல உள்ளன. பிழைப்பை நாடிச் சென்ற நம்மவர் பலர் அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருக்கின்றனர். நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன்னோ, கணிப்பொறியின் முன்னோ அமர்ந்து உழைப்பவருக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல நேரமும் இல்லை. பலருக்கு அதற்கான பொருளும் இல்லை. ஆதலின், அறையிலேயே பாயை விரித்து, கைப்பேசி காட்டும் பயிற்சிகளைச் செய்யும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. ‘முப்பது நாளில் இடை குறையும், செய்து காட்டுங்கள்’ என்ற அறைகூவலும் அதனோடு வருகிறது.

வீட்டுப் பயிற்சி புதியதன்று. இதே பெங்களூரில் வாழ்ந்த கே. வி. ஐயர் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பயிற்சிக்கூடம் நடத்தியதோடு, நேரில் வர இயலாதோர்க்குத் தபால் வழியாகவும் பாடம் அனுப்பினார். சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் நூல் எழுதினார். கன்னடத்தில் ‘சாந்தலா’ என்ற புகழ்பெற்ற நாவலை இயற்றியவரும் அவரே. சிலைபோல் செதுக்கிய உடல் அவர் காட்டிய இலட்சியம். அக்கலைக்கு அது பொருந்தும். ஆனால், உழைத்து வாழும் எல்லோரும் தம் உடலை அந்த அளவுகோலால் அளக்க வேண்டுமா?

இதற்கு மருத்துவ ஆராய்ச்சி தரும் விடை ஒன்று உண்டு. 1953-ஆம் ஆண்டில் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரித்தானிய மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்து ஊழியரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்; நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுப்பதற்காகப் படி ஏறி இறங்குபவர். நடத்துநர்க்கு இதய நோய் குறைவு என்று அவ்வாய்வு கண்டது. ஓட்டுநர் பருமனாக இருப்பதுதான் காரணமோ என்ற ஐயம் எழவே, ஊழியர்க்கு வழங்கப்பட்ட சீருடைக் கால்சட்டைகளின் இடையளவை எடுத்து ஒப்பிட்டனர். ஓட்டுநரின் இடை பெரியதாகவே இருந்தது. எனினும் மெலிந்தவர், நடுத்தர உடலினர், பருத்தவர் என்று வகை பிரித்துப் பார்த்தபோதும், ஒவ்வொரு வகையிலும் நடத்துநருக்கே தீங்கு குறைவாக இருந்தது. பருத்த நடத்துநருக்கும் படியேறியதன் பயன் கிட்டியது என்பதே இதன் பொருள்.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். 2004-இல் புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும், இலண்டன் மருத்துவர் யூட்கினும் தம் உடல்களையே சான்றாகக் காட்டினர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால், உடலில் இருந்த கொழுப்போ ஒருவருக்கு 9.1 விழுக்காடு; நம் நாட்டவருக்கு 21.2 விழுக்காடு! ஆகவே, ஒல்லியாக இருப்பவர் நலமுடையவர் என்றோ, பருத்தவர் சோம்பேறி என்றோ கண்ணால் கண்டு தீர்ப்புக் கூற எவராலும் இயலாது.

இவ்வாறு கூறுவதால் பருமனால் கேடே இல்லை என்று கொள்ளலாகாது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடையளவைத் தாண்டினால், இரத்தத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்வது நன்று. முயற்சி ஏதுமின்றி எடை திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள செய்தி, தெருவார் பேசுவதற்குரியதன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். விரைந்து நடத்தல், படியேறுதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தண்டால் எடுத்தல் ஆகியவை போதுமானவை. ஒண்டுக் குடித்தனத்தில் கீழ்வீட்டார் உறக்கம் கெடாதபடி, துள்ளாமலே இவற்றைச் செய்யலாம். முதல் நாளிலேயே நூறு பஸ்கி போடுவது தசைகளுக்குக் கேடு. பத்தில் தொடங்குக; வாரந்தோறும் சிறிது கூட்டுக. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துக. நாட்குறிப்பில் எடையை எழுதாமல், எத்தனை படி ஏறினோம், எத்தனை முறை எழுந்தோம் என்று எழுதுக. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்க. முப்பது நாளில் முடியும் அறைகூவலைக் காட்டிலும், முப்பது மாதம் நிலைக்கும் பழக்கமே உடலுக்கு உதவும்.

இனி, ஊர்ப்பேச்சுக்கு வருவோம். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குச் செல்கிறோம். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, ‘என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாயே!’ என்கிறார் ஒருவர். ‘இளைத்துத் துரும்பாகிவிட்டாயே, அங்கே சோறு கிடைக்கவில்லையா?’ என்கிறார் மற்றொருவர். வெளியூரில் இருப்பவரின் உடம்பை அவர்தம் வாழ்வின் வரவுசெலவுக் கணக்காகவே படிக்கிறார்கள். பருத்தால் செருக்கு, மெலிந்தால் வறுமை! மணமாகாத பெண்ணாயின் அப்பேச்சு இன்னும் கூர்மையாகும். அன்பால் சொல்லப்படுவதே பெரும்பாலும். ஆயினும் பயணம் திரும்பிய பின்னரும் அச்சொல் காதில் ஒலிக்கிறது. அதன் விளைவாகச் சிலர் பட்டினி கிடக்கின்றனர். சிலர் வெட்கி, பயிற்சியையே விட்டுவிடுகின்றனர்.

அவர்களுக்கு எப்படி விடை கூறுவது? சினமும் வேண்டா, நீண்ட விளக்கமும் வேண்டா. ‘நான் நலமாகத்தான் இருக்கிறேன், அத்தை. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டால் பேச்சு நலம் விசாரிப்பாக மாறும். மீண்டும் மீண்டும் சொல்பவரிடம், தனியே அழைத்து, ‘பெரியப்பா, இதைக் கேட்டால் எனக்கு மனம் வருந்துகிறது, இனி வேண்டாமே’ என்று பணிவோடும் உறுதியோடும் கூறலாம். மரியாதை என்பது வாய்மூடிப் பொறுப்பது மட்டுமன்று. மனம் தளர்ந்து, உண்ணவும் உறங்கவும் இயலாத நிலை வந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நம் பாட்டிமார் தடுத்தனர். அந்நம்பிக்கை எப்படியாயினும், பிறர் உடலைப் பற்றி நாவை அடக்கும் பண்பு அதில் இருந்தது. வள்ளுவப் பெருந்தகையோ இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் இல்லறவியலிலேயே வைத்தார். வீட்டாரின் பேச்சே முதலில் திருந்த வேண்டும் என்பது இதனால் விளங்கும் அன்றோ?

ஆகவே, நெடுநாள் கழித்து வீடு வரும் பிள்ளையிடம், ‘எத்தனை கிலோ கூடினாய்?’ என்று கேளாமல், ‘வேலை எப்படி இருக்கிறது? நன்றாக உறங்குகிறாயா? உடன் பேசத் துணை உண்டா?’ என்று கேளுங்கள். பொம்மனஹள்ளியின் சிற்றறையில் விடியற்காலையில் பாயை விரிப்பவருக்கு, உங்கள் அக்கேள்வியே ஊக்கம் தரும்.