ஆராய்ச்சிக்கூடத்தில் புரோகிராமர் பணி

(தில்லி, கிட்வாய் நகரில் மாணவர்களும் அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பட்ட உரை)

செயற்கை நுண்ணறிவு என்றதும் அறிஞரின் ஆய்வுக் கட்டுரையும் விலையுயர்ந்த கணிப்பொறியும் நினைவுக்கு வருகின்றன. கட்டுரையில் உள்ள கருத்தை எந்திரத்தில் இயங்கவைக்கும் புரோகிராமரைப் பற்றித் திட்ட அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவில் இத்துறைக்கென விரிவான அரசு முயற்சி 1986இல் மேற்கொள்ளப்பட்டது. மத்திய மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன், அறிவுசார் கணிப்பொறி அமைப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.க்கு வல்லுநர் அமைப்புகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற்கு இணைச் செயலாக்கம், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற்குப் பேச்சு ஆய்வு, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்திற்குப் பட ஆய்வு எனப் பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன.

இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வுக்கூடம் அவ்வழியில் நெடுந்தூரம் வந்துள்ளது. 2023இல் அது வெளியிட்ட மொழிபெயர்ப்பு அமைப்பு, அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் கையாளுகிறது. இதற்கெனத் திரட்டப்பட்ட வாக்கிய இணைகள் சுமார் 23 கோடி. இத்தகைய குவியலைச் சீராக்குவது எத்தகைய வேலை? தமிழில் 'கொ' என்னும் ஓர் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் இதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எந்திரமோ அவற்றை இரு வேறு சொற்களாக எண்ணிவிடும். இவற்றை ஒருமைப்படுத்தும் செயல்நிரலை எழுதுவதும், அது பழுதுறாமல் காப்பதும் புரோகிராமர் பணி. இதற்குப் பட்டமும் இல்லை, பரிசும் இல்லை.

இப்பணியாளர் விலகினால் நேர்வதென்ன என்பதற்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. சான்று. 1980ஐ ஒட்டி எழுந்த தனியார் நிறுவனங்கள் அதன் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தின் புரோகிராமர்களில் பெரும்பாலோரை ஈர்த்துக்கொண்டன. எஞ்சியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1984இல் பதவியைத் துறந்தார். கட்டடமும் கணிப்பொறிகளும் அங்கேயே இருந்தன. அவற்றை உள்ளும் புறமும் அறிந்த கூட்டம் கலைந்துவிட்டது.

நம் நாட்டில் இடர் வேறு வடிவில் வருகிறது. ஆய்வுத் திட்டங்களில் புரோகிராமர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில், திட்டக் காலம் வரையிலுமே அமர்த்தப்படுகின்றனர். திட்டம் முடிகையில் செயல்நிரல் மிஞ்சும். அதை அறிந்தவர் மிஞ்சுவதில்லை.

பொருளியலார்க்கு இது புதிதன்று. திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பாகுபாடு 2017-18 வரவு-செலவுத் திட்டத்தோடு நீங்கியது. புதியதை எழுப்புவதற்கு நிதி எளிதில் கிடைக்க, இருப்பதைப் பேணுவது பின்தள்ளப்பட்டது என்பதே அதன்மீது எழுந்த குறை. பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்பப்பட்ட கிட்வாய் நகரில் வசிப்போர்க்கு, மின்தூக்கியும் நீரேற்றும் மோட்டாரும் ஓடினால்தான் கட்டடம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2024 மார்ச்சில் அமைச்சரவை ஏற்ற இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்தின் ஒதுக்கீடு, ஐந்தாண்டுகளுக்குச் சுமார் ரூ.10,372 கோடி. கணிப்புத் திறனைப் பெருக்குவது இதில் பெரும்பங்கு பெறுகிறது, அதில் தவறில்லை. எனினும் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கும் ஆணைகளில், திட்டம் முடிந்தபின் ஈராண்டுக்கேனும் பராமரிப்புப் புரோகிராமருக்கு ஊதியம் எனத் தனித் தலைப்பு ஒன்று சேர்க்கப்படலாம். கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இன்றிக் கொள்முதல் செய்ய எந்த நிதி அலுவலர் இசைவார்?