பாலம் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, கூட்டத்தார் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். எஞ்சிய சிறிது நேரத்தில் ஒரு பாலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஆண்டுக் கூட்டத்தில் இமாம் பாலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். உரையின் முடிவில் அதற்கு விடை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

2024 ஜூலை 30ஆம் நாள் பின்னிரவில் வயநாட்டின் மேப்பாடி ஊராட்சியில் மலை சரிந்தது. அந்த ஊர் நமக்குத் தொலைவானதன்று. கூடலூரைத் தாண்டிச் சேரம்பாடி வழியே எல்லையைக் கடந்தால் வடுவஞ்சால், அதன்பின் மேப்பாடி. நம் மாவட்டத்தைப் போன்றே தேயிலையும் ஏலமும் காப்பியும் விளையும் பூமி. சூரல்மலை, முண்டக்கை எனும் ஊர்களை வெள்ளமும் பாறையும் அள்ளிச் சென்றன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் இருந்தவர்கள் உயிரோடு இருந்தும், இக்கரையிலிருந்து அவர்களை அடைய வழி இல்லாமற் போயிற்று. மண்வாரி இயந்திரமும் மருத்துவ வாகனமும் ஆற்றங்கரையிலேயே நின்றன.

அப்போது இந்திய இராணுவத்தின் மதராஸ் பொறியியல் படைப்பிரிவினர் வந்தனர். 190 அடி நீளத்தில், 24 டன் எடையைத் தாங்கும் பெய்லி பாலத்தை இரவு பகலாக உழைத்து அமைத்தனர். ஆகஸ்டு 1ஆம் நாள் மாலையில் அதன்மீது வாகனங்கள் சென்றன. பெய்லி பாலம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. எஃகுச் சட்டங்களை ஊசிகளால் கோத்து, ஒரு கரையில் பூட்டி, உருளைகளின் மேல் மறுகரைக்குத் தள்ளிவிடுவார்கள். அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு கண்கலங்காதார் நம்மில் எவர்?

புத்துமலையில் அடையாளம் தெரியாத உடல்கள் ஒருசேர அடக்கம் செய்யப்பட்டபோது, எல்லாச் சமயத்தாரும் நின்று தத்தம் முறைப்படி பிரார்த்தித்தனர். வெள்ளம் எவரையும் சமயம் கேட்டு அழைத்துச் செல்லவில்லை. பாலமும் எவரையும் சமயம் கேட்டுக் கடக்க விடுவதில்லை.

சகோதரர்களே! இங்கு நம் குறையை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் நாமும் ஜும்ஆவுக்குப் பின் துண்டேந்தி உதவி திரட்டினோம். பாலம் அமைந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் மனம் நிறைந்தது. அத்துடன் நம் கவனமும் நின்றுவிட்டது. ஆனால் பெய்லி பாலம் தற்காலிகப் பாலமே. 2025 ஜூன் மாதத்தில் அதே ஆறு சேற்றுநீருடன் மீண்டும் பெருகியபோது அம்மக்களின் நெஞ்சம் எவ்வாறு நடுங்கியிருக்கும்! தற்காலிகப் பாலத்தைக் கண்டு உதவியவன் தன் கடமை முடிந்ததென எண்ணலாம். அதன் மீது நாள்தோறும் நடப்பவனுக்கு அது முடியவில்லை. நிரந்தரப் பாலம் எழும்வரை அது ஓர் அமானிதமாகவே நிற்கிறது.

இனி நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். 2009 நவம்பர் 10ஆம் நாளை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்சரிவுகளில் பறிபோயின. சாலைகளும் மலை இரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் 82, மறுநாள் 91 சென்டிமீட்டர் என வானம் பொழிந்தது. ஆகவே, “இதுபோன்ற மழை இனி வராது” என்று சொல்லி நாம் உறங்கிவிட முடியாது.

பாலம் ஏன் விழுகிறது? நீரின் வேகம் மட்டும் காரணமன்று. அடித்து வரப்படும் மரமும் கல்லும் பாலத்தின் கண்களை அடைத்துக்கொள்கின்றன. தடுக்கப்பட்ட நீர் உயர்ந்து பக்கவாட்டில் கரையை உடைக்கிறது. அடியில் மண்ணை அரித்துத் தூணின் அடித்தளத்தை வெறுமையாக்குகிறது. 2009 சரிவுகளுக்கும் நீரின் வழி அடைபட்டதும் சரிவுகளை வெட்டியதும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. எனவே, விழுந்த பாலத்தின் இடத்தில் அதே அளவில் மற்றொன்றைக் கட்டுவது போதாது. நீர் கேட்கும் அகலத்தையும் உயரத்தையும் கொடுத்துக் கட்ட வேண்டும்.

விவசாயிக்குப் பாலம் என்பது வெறும் வழியன்று. பிடுங்கிய கேரட்டும் முட்டைக்கோசும் மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்லும் லாரியை எட்டாவிட்டால், பல மாதங்களின் உழைப்பு ஓடைக்கரையிலேயே அழுகிவிடும். அங்கே கூலி வேலை செய்யும் நம் சகோதரிகளுக்கும் அன்றைய அடுப்பு எரியாது.

பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று இறைவன் தம்மைக் கேட்பானோ என கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகச் சொல்லப்படுகிறது. கழுதையின் காலுக்கே அவ்வளவு பொறுப்பென்றால், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையின் காலுக்கு எவ்வளவு?

இங்கு ஒரு மார்க்கச் சட்டத்தைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. ஜகாத் நிதியைப் பாலத்திற்குக் கொடுக்கலாமா என்று சிலர் வினவினர். ஜகாத் பெறத் தகுதியானோர் எட்டு வகையினர் எனத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் முற்கால இமாம்களும் பள்ளிவாசலுக்கோ பாலத்திற்கோ ஜகாத்தைச் செலவிடலாகாது என்றே கூறினர். ஏழையின் கையில் அது உடைமையாகச் சேர வேண்டும் என்பது ஹனஃபிகள் காட்டும் காரணம். எனவே வெள்ளத்தில் தோட்டத்தை இழந்து வறியவரான விவசாயிக்கு ஜகாத்தைக் கொடுங்கள். பாலத்திற்கு ஸதகாவிலிருந்து கொடுங்கள். பிறர் கடந்து பயன்பெறும் காலமெல்லாம் நன்மை தொடரும் ஸதகத்துல் ஜாரியா அது.

ஆகவே ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்பாக நம் இளைஞர்கள் ஓடைகளின் சிறுபாலங்களைப் பார்வையிட்டு, அடைத்திருக்கும் குப்பையையும் கிளைகளையும் அகற்ற வேண்டும். வீடு கட்டிய மண்ணை ஓடையில் கொட்டுவதை நம்மவர்கள் முதலில் நிறுத்த வேண்டும். இரண்டாவது, சேதமுற்ற பாலத்திற்கு உள்ளாட்சியிடம் மனு கொடுக்கும்போது தனித்துச் செல்லாமல், படுகர் ஹட்டிகளின் பெரியவர்களையும் கோயில், தேவாலயத்தாரையும் உடனழைத்துச் செல்ல வேண்டும். 2009இல் நீர் எந்த மட்டம்வரை ஏறியது என்பதைக் கண்ட மூத்தவர்கள், அதைப் பொறியாளரிடம் நேரில் காட்ட வேண்டும். மூன்றாவது, பைத்துல்மாலில் ஜகாத்துடன் கலவாத தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும்.

தற்காலிகப் பலகையைப் போட்டதோடு மனுவை மறந்துவிடாதீர்கள். நிரந்தரப் பாலம் எழும்வரை, அம்மனு எந்நிலையில் உள்ளது என்பதை நிர்வாகிகள் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். அப்பாலம் இக்கூட்டத்திற்கு உரிய பொருள் என்பதற்கு அதுவே விடை. கணக்கு பணத்திற்கு மட்டும் அல்ல, அமானிதத்திற்கும் உண்டு.

வெள்ளத்தில் மாண்டோரின் குடும்பங்களுக்கு ஆறுதலையும், நம் பள்ளத்தாக்கிற்குப் பாதுகாப்பையும், நம் கரங்களுக்குத் தளராத உழைப்பையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.