பச்சை அட்டையில் ஒரு நஞ்சு
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம நூலகத்து மாடி அறை ஞாபகம் இருக்கா? அங்கேதான் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு நூலகராகவே வேலை பார்த்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த விரலைப் பற்றித்தான் இன்று பேச்சு.

2019-இல் அமெரிக்காவின் வின்டர்தூர் அருங்காட்சியகத்தில், 1857-இல் வெளிவந்த ஒரு புத்தகத்தைச் செப்பனிட எடுத்தார்கள். பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை. தொட்டால் நிறம் உதிர்ந்தது. சோதித்தால் ஆர்சனிக்! செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த 'எமரால்டு கிரீன்' சாயம் அது. சுவர்த்தாள், உடை, காகிதப் பூ என்று அக்காலத்தில் அது புகாத இடமில்லை. அதன்பின் பல நாட்டு நூலகங்கள் தங்கள் அலமாரிகளைத் தேடின. 2024-இல் பிரான்ஸ் தேசிய நூலகம் நான்கு நூல்களைத் தனியே எடுத்து வைத்தது.

பச்சை எல்லாம் விஷம் என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ரே கருவிச் சோதனைதான் உறுதி சொல்லும். ஆனால் நம் மாடி அறையிலும் அந்தக் காலத்து லண்டன் பதிப்புகள் உண்டு. தினமும் தூசி தட்டுபவர் அட்டெண்டர் அண்ணன். சம்பளம் வாங்குகிறாரே தவிர, ஒரு கையுறை வாங்கியதில்லை.

அறையைக் காலி செய்யப் போகிறார்களாம். "போகியில கொளுத்திட்டா போச்சு" என்றார் ஒரு நண்பர். வேண்டாம்யா! எரித்தால் புகையே நஞ்சு. எடைக்குப் போட்டால், அதைப் பிரிக்கும் பிள்ளையின் கைக்குப் போகும்.

செய்ய வேண்டியது சுலபம். 1840 முதல் 1870 வரையிலான பச்சைத் துணி அட்டை நூல்களைத் தனியே பிரியுங்கள். நைட்ரைல் கையுறை போட்டு எடுத்து, ஜிப் வைத்த பாலித்தீன் உறைக்குள் வைத்து, மேலே சீட்டு ஒட்டுங்கள். படிப்பவர் மடியில் வைக்காமல் மேஜையில் வைத்துப் படிக்கட்டும். முடிந்ததும் மேஜையை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அங்கே டீயும் வேண்டாம், வடையும் வேண்டாம்.

சோதனைக்கு வேதியியல் துறை நண்பர்கள் வழி சொல்லுங்கள். கையுறைக்கும் உறைக்கும் சங்கம் பணம் தரட்டும். முதல் நூறு ரூபாய் என்னுடையது. புத்தகமும் பிழைக்கட்டும், அண்ணனும் நல்லா இருக்கட்டும்.