தொலைக்காட்சிப் பெட்டி வாங்குமுன்



தீபாவளி நெருங்கினால் தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணத்துக் கடைகளுக்குப் புறப்படுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார், மலிவாகக் கிடைக்கிறதென்று, வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தவணைக்கு எடுத்தார்கள். வீட்டில் ஏரியலை மாட்டினால் ஓர் அலைவரிசையும் வரவில்லை. பெட்டியில் பழுதில்லை. நம் நாட்டு ஒளிபரப்பை வாங்கும் உறுப்புத்தான் அதில் இல்லை. தவணையை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தார்கள்.

மலேசியாவில் 1963-இல் தொடங்கிய பழைய முறை ஒளிபரப்பு, 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு முற்றாக நிறுத்தப்பட்டது. இப்போது படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு வருகின்றன. இதுதான் டிஜிட்டல். நம் நாட்டில் கையாளும் முறைக்கு டி.வி.பி.-டி2 என்று பெயர். கடைசியில் வரும் அந்த 2 இல்லாமல், வெறும் டி.வி.பி.-டி என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டி நமக்கு உதவாது.

கடைக்காரர், "இது ஹெச்.டி. பெட்டி, எல்லாம் வரும்" என்பார். ஹெச்.டி. என்பது வேறு சங்கதி. கோலத்திற்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் கூடினால் கோலம் நுணுக்கமாகும். ஹெச்.டி. திரையில் குறுக்கே 1280 புள்ளி, மேலிருந்து கீழே 720. ஃபுல் ஹெச்.டி.யில் 1920-க்கு 1080. 4கே என்பதில் 3840-க்கு 2160. திரையில் புள்ளி கூடியிருப்பதால் மட்டும் டிஜிட்டல் ஒளிபரப்பு வந்துவிடாது. லயத்து வீட்டின் சின்னக் கூடத்தில் 32 அங்குலப் பெட்டிக்கு 4கே வேண்டுமென்று கூடுதல் வெள்ளி கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண். அந்த 32 அங்குலமும் மூலைக்கு மூலை அளந்தது, அகலமல்ல.

வீட்டிலிருக்கும் பழைய குழாய்ப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். டி.வி.பி.-டி2 வாங்கிப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் அதிலும் படம் வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களுக்கான துளைகள் இரண்டு பெட்டியிலும் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். இந்த ஒளிபரப்புக்கு மாதக் கட்டணம் கிடையாது.

குன்றுகளுக்கு நடுவே உள்ள தோட்டத்தார்க்கு ஒரு வார்த்தை. முன்பு அலை குறைந்தால் படத்தில் புள்ளி பறக்கும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் படம் கட்டம் கட்டமாய் உடையும், அல்லது அறவே மறையும். எனவே அக்கம்பக்கத்தில் எந்த ஏரியலில் நன்றாக வருகிறதென்று முதலில் விசாரியுங்கள். யு.எச்.எஃப். ஏரியலைக் கூரைமேல் உயர்த்திக் கட்டியும் வராவிட்டால், துணைக்கோள் தட்டும் அதற்கான தனிப் பெட்டியும்தான் வழி.

கடையில் பணம் கட்டுமுன், சாதாரண ஏரியலை மாட்டி ஆர்.டி.எம். அலைவரிசையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் டி.வி.பி.-டி2 என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.