வைக்கோலும் விசுவாசமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் செங்கற் சூளைகளைக் கண்டிருப்பீர்கள். மண்ணைக் குழைத்து, அச்சிலிட்டு, கொளுத்தும் வெயிலில் கல் அறுப்போரையும் கண்டிருப்பீர்கள். அக்காட்சியை உள்ளத்தில் இருத்திக்கொண்டு, பைபிளில் யாத்திராகமத்தைப் படித்துப் பாருங்கள்.

எகிப்தில் அடிமைப்பட்ட எபிரேயர் அறுத்ததும் செங்கல்லே. களிமண் வெடிக்காதிருக்க வைக்கோல் கலப்பது அந்நாட்டு வழக்கம். மக்களைப் போகவிடுமாறு மோசே கேட்டதும், மன்னன் வைக்கோல் தருவதை நிறுத்தினான். கல்லின் கணக்கையோ குறைத்தானில்லை. அடிபட்ட எபிரேயத் தலைவர்கள் மோசேயையே பழித்தனர். மோசேயும், தம்மை ஏன் அனுப்பினீர் என்று இறைவனிடம் முறையிட்டார். மீண்டும் விடுதலைச் செய்தி வந்தபோது மக்கள் செவிசாய்க்கவில்லை. அந்நூல் அவர்களைக் கடியவில்லை; கொடிய உழைப்பால் மனம் சோர்ந்திருந்தனர் என்றே காரணம் கூறுகிறது.

நம் நாட்டில், ஒருவரை அடிமையென உரிமை கொண்டாடுவதை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என 1843-இல் சட்டம் வந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்து, அதன் கடனையும் நீக்கியது. ஆயினும், முன்பணத்தால் தலைமுறையாகக் கட்டுண்டவர் அச்செய்தியை எளிதில் நம்புவரோ? நம்பியவுடன் அடி விழுந்ததை அறிந்தவர் அன்றோ அவர்!

ஆகவே, அவர்தம் ஐயத்தை அறியாமையென இகழாதீர். மறுபடியும் சென்று சொல்லுங்கள். ஐயுற்ற மோசே செய்ததும் அதுவே.