உலாவிச் சோதனையும் பக்கப் பொருளும்

மென்பொருள்களைத் தொகுத்துச் சோதிக்கும் வேலையைத் தானே செய்வது ஜென்கின்ஸ். 2011ஆம் ஆண்டில் அப்பெயர் பெற்றது. பலர் எழுதிய செருகுநிரல்கள் அதனுடன் சேர்ந்து இயங்குகின்றன. ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்று பழுதுபடாதா? அதனை அறிய, 2004ஆம் ஆண்டில் தோன்றிய செலினியம் என்னும் கருவியைக் கொண்டு, மனிதர் செய்வதுபோலவே உலாவியைத் திறந்து பொத்தான்களை அழுத்திப் பார்க்கிறோம்.

இதில் ஓர் இடர் உண்டு. ஒரு பொத்தானின் இருப்பிடத்தை நூறு சோதனைகளில் எழுதிவைத்தோமாயின், அது இடம் மாறிய அன்றே நூறும் தோற்கும். செருகுநிரலிலோ பழுது இராது. பொய்யாக ஒலிக்கும் அபாயமணியை நாளடைவில் எவரும் பொருட்படுத்தார். மெய்யான பழுதும் அப்பொழுது கவனிப்பாரின்றித் தப்பிவிடும்.

ஆகவே, பக்கம் ஒவ்வொன்றுக்கும் 'பக்கப் பொருள்' என்னும் நிரல் உறுப்பு ஒன்றை வகுக்கிறோம். பொத்தான் எங்கே, பெட்டி எங்கே என்பதை அது மட்டுமே அறியும். சோதனையோ, "புதிய வேலையை உண்டாக்கு, சேமி, இயக்கு" என்று மட்டும் பணிக்கும். செருகுநிரல் பக்கத்தில் புதிய பகுதியைச் சேர்க்குமாயின், அதற்குரிய பொருளை அச்செருகுநிரலின் ஆசிரியரே எழுதி இணைக்கலாம். பக்கம் மாறினால் திருத்த வேண்டிய இடம் ஒன்றே.

இருப்பிடம் அறிவது பக்கப் பொருளின் கடமை. சரியா தவறா என்று தீர்ப்புரைப்பது சோதனையின் கடமை. இவ்விரண்டையும் கலவாது காப்போமாயின், சோதனை தோற்றது என்னும் சொல்லை நாம் நம்பலாம்.